பதினைந்து மே மாதங்கள்

செப்டம்பர் 8, திங்கள்

காலை ஆறு மணிக்குத் தெரிந்துவிட்டது. தயாளனை எழுப்பிச் சொன்னேன். இருவரும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தோம். யாரிடமும் இப்போது சொல்ல வேண்டாம் என்றார். நான் இங்கேகூட எழுதப்போவதில்லை. போன இரண்டு தடவையும் முதல் நாளே பக்கம் பக்கமாக எழுதினேன்.

அலுவலகத்தில் இம்தியாஸ் சார் புது வேலை கொடுத்தார். வேலங்காட்டூரில் ஓர் அறக்கட்டளை நாற்பது படுக்கைகள் கொண்ட மகப்பேறு மருத்துவமனை கட்டப்போகிறது. வார்டுகளில் ஏசி கிடையாது, மின்விசிறி மட்டும். கோடையில் உள்ளே எவ்வளவு சூடாகும் என்று நாங்கள் சொல்ல வேண்டும். கட்டடத்தைக் கட்டும் முன்பே கம்ப்யூட்டருக்குள் கட்டி, ஒரு வருட வெயிலிலும் மழையிலும் நிறுத்திப் பார்ப்பதுதான் எங்கள் ஐந்து பேருடைய பிழைப்பு.

அதற்கு அந்த ஊரின் ஒரு வருட வானிலை, மணிக்கு மணி வேண்டும். வேலங்காட்டூருக்கு அப்படி ஒரு கோப்பு இல்லை. கோவைக் கோப்பையே போட்டுவிடலாமா என்று கேட்டேன். கோவைக்குக் கணவாய்க் காற்று இருக்கிறது, அந்த ஊருக்கு இல்லை என்றார் சார். அங்கே ஒரு வேளாண் பண்ணையில் பல வருடமாகத் தினமும் வெப்பநிலை எழுதிவைக்கிறார்களாம், அதிலிருந்து மணிவாரியாகக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பதிவேடுகளை வெளியே தரமாட்டார்கள். நான்தான் போய்த் தட்டச்சு செய்து எடுத்து வர வேண்டும்.

தினமும் பஸ்ஸில் போய் வருவதா, அங்கேயே தங்குவதா என்று கேட்டார். தங்கிவிடுகிறேன், நேரம் மிச்சமாகும் என்றேன்.

செப்டம்பர் 11, வியாழன்

வேலங்காட்டூர். சரோஜா அக்கா என்பவர் நடத்தும் மெஸ்ஸில் ஓர் அறை. மாடியில் காற்று நன்றாக வரும், அதை எடுத்துக்கொள் என்றார். கீழே உள்ளதே போதும் என்று வாங்கிக்கொண்டேன். பண்ணை நான்கு கிலோமீட்டர். லேப்டாப் இருக்கிறது, பள்ளம் பார்த்து மெதுவாகப் போங்கள் என்று ஆட்டோக்காரரிடம் சொன்னேன். மாட்டுவண்டி வேகத்தில் கொண்டுபோய் விட்டார். நல்ல மனிதர்.

பண்ணையின் வானிலைக் கூடத்தைப் பார்த்துக்கொள்பவர் நாச்சிமுத்து. ஐம்பது தாண்டியவர், ஒல்லி, சட்டைப்பையில் இரண்டு பேனா. கம்பிவேலிக்குள் மழைமானி, காற்றுமானி, கால் வைத்த வெள்ளை மரப்பெட்டிக்குள் தெர்மாமீட்டர்கள். ஒரு தூணின் மேல் கண்ணாடிக் குண்டு. அதன் வழியாக வெயில் பின்னால் செருகிய அட்டையில் விழுந்து, சூரியன் நகர நகரக் கருகிய கோடு போடுகிறது. மேகம் வந்தால் கோடு நின்றுவிடும். கோட்டின் நீளம்தான் அன்றைய வெயில் நேரம்.

காலை ஏழுக்கும் பகல் இரண்டுக்கும் தினமும் குறிப்பெடுக்கிறார். இருபத்தாறு வருடமாக.

செப்டம்பர் 15, திங்கள்

ஆறு. மெஸ்ஸில் வடை போடும் எண்ணெய் வாடை தாங்கவில்லை. அறைக் கதவைச் சாத்திவைத்துத் தயிர்சாதம் சாப்பிட்டேன். 2009 முடிந்தது.

செப்டம்பர் 18, வியாழன்

பதினைந்து வருடப் பதிவேடுகளில் எந்த வருடத்தை எடுக்கப்போகிறேன் என்று நாச்சிமுத்து கேட்டார். எதையும் முழுதாக எடுக்க மாட்டேன் என்றேன். ஏதாவது ஒரு வருடத்தை அப்படியே எடுத்தால் அது மழை பொய்த்ததாக இருக்கலாம், புயல் அடித்ததாக இருக்கலாம். பதினைந்து ஜனவரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவற்றின் பொதுப் போக்கை மிகவும் ஒட்டி நிற்கும் ஒரு ஜனவரியைப் பொறுக்க வேண்டும். பிப்ரவரிக்கு வேறு வருடம் வரலாம். இப்படிப் பன்னிரண்டையும் பொறுக்கி ஒட்டினால் ஊருக்கு ஒரு மாதிரி ஆண்டு.

கொஞ்சம் யோசித்துவிட்டு, கோடைக்கு 2016-ஐ மட்டும் விட்டுவிடலாமே என்றார். ஏன் என்றேன். அது சரியில்லாத வருசம் என்று சொல்லிவிட்டு மழைமானியைப் பார்க்கப் போய்விட்டார். கம்ப்யூட்டரே கழித்துவிடும் என்று நானும் விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 22, திங்கள்

ஏழு. காப்பியை நிறுத்தி ஐந்து நாள். தலைவலி போய்விட்டது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மரப்பெட்டிக்கும் காற்றுமானிக்கும் சந்தனம், குங்குமம், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மாலை. கண்ணாடிக் குண்டுக்கு மட்டும் பொட்டு வைத்து, கும்பிட்டு, உடனே ஈரத்துணியால் துடைத்துவிட்டார். பொட்டு இருந்தால் அட்டையில் கோடு அறுந்துபோகுமாம். பொரி நிறையத் தின்றேன். உள்ளே தங்கியது.

அக்டோபர் 6, திங்கள்

ஒன்பது. முதல் தடவை இதோடு நின்றது. இன்று முழுக்க 2014-ஐத் தட்டச்சு செய்தேன். மாலை சரிபார்த்தபோது ஒரு பிழைகூட இல்லை. தயாளன் நான்கு முறை கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் மழை பெய்கிறதா என்றுதான் கேட்டார்.

அக்டோபர் 10, வெள்ளி

இரண்டு பதிவேடுகள் தவிர எல்லாம் ஏறிவிட்டது. பொறுமையில்லாமல் மாதங்களைப் பொறுக்கும் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன். ஜனவரிக்கு 2011, பிப்ரவரிக்கு 2018. மே மாதத்துக்கு 2016. அதுவும் மற்ற மே மாதங்களையெல்லாம் எட்ட விட்டுவிட்டு. சராசரிக் கோட்டின் மேல் இன்னொரு கோட்டை வைத்ததுபோல இருக்கிறது. இவ்வளவு அழகாக ஒரு மாதம் பொருந்தி நான் பார்த்ததில்லை. இம்தியாஸ் சாருக்குப் படம் அனுப்பினேன். ஒரு மாதம் இப்படி ஒழுங்காக நடந்துகொள்ளாது, இன்னொரு முறை பார் என்று பதில் வந்தது.

சரியில்லாத வருசம் என்று நாச்சிமுத்து சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அக்டோபர் 14, செவ்வாய்

மாதவாரியாகக் கட்டி வைத்திருக்கும் வெயில் அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். 2016 ஏப்ரல் 21 முதல் மே 31 வரை பதிவேட்டில் நாற்பத்தொரு நாளுக்கும் வெயில் நேரம் இருக்கிறது. அந்த நாட்களுக்குக் கட்டுகளுக்குள் இருக்கும் அட்டைகள் எட்டு. அந்த எட்டிலும் தேதி எழுதியவை மூன்று.

செயற்கைக்கோள் கணிப்பிலிருந்து அந்த மாதத்தை இறக்கினேன். மலையையும் சமவெளியையும் சேர்த்துச் சொல்வதால் எங்களுக்கு அது முழுதாக உதவாது. ஆனால் அந்த மே பதிவேட்டில் இருப்பதைவிட இரண்டு டிகிரிக்கு மேல் சூடு என்பது அதிலேயே தெரிகிறது.

நாச்சிமுத்துவிடம் அட்டைகள் எங்கே என்று கேட்டேன். கரையான் தின்றுவிட்டது என்றார். பக்கத்துக் கட்டு இரண்டும் நன்றாக இருந்தன. இருவரும் அவற்றைப் பார்த்தோம்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. கோவையில் வீடு. பதினொன்று. இரண்டாவது தடவை இதோடு நின்றது. குளித்து, புதுப்புடவை கட்டி, பட்டாசுச் சத்தம் கேட்காத பின்னறையில் நாள் முழுக்கப் படுத்திருந்தேன். தயாளன் சமைத்தார். குழம்பில் உப்பு இல்லை. நன்றாக இருக்கிறது என்று இரண்டு முறை போட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 25, சனி

நேற்று மாலை நாச்சிமுத்து, நாளைக்கு வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும் என்றார். தட்ட முடியவில்லை.

பண்ணைக் குடியிருப்பில் சின்ன வீடு. மனைவி ஈஸ்வரி. மகள் தன்யஸ்ரீ, நான்காம் வகுப்பு, வந்த என்னிடம் தன் ஓவிய நோட்டு முழுவதையும் காட்டினாள். சாப்பிட்டு முடித்ததும் அவளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு நாச்சிமுத்து ஆரம்பித்தார்.

"அந்த நாப்பத்தொரு நாளும் நான் எழுதுனது பொய்யுங்க, மேடம்."

அவரே சொன்னார். கல்யாணமாகிப் பதினாலு வருடம் கழித்து ஈஸ்வரிக்குத் தங்கிய கர்ப்பம். ஏழாம் மாதத்திலேயே, 2016 ஏப்ரல் இருபதாம் தேதி, குழந்தை பிறந்துவிட்டது. ஒன்றரைக் கிலோ. ஊரின் பழைய பிரசவ ஆஸ்பத்திரியில் இரண்டாவது மாடி வார்டு, மேலே வெறும் கான்கிரீட். மாற்று ஆள் போட்டால் லீவு எடுக்கிறேன் என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆள் இல்லை என்று பதில் வந்தது. அவர் ஆஸ்பத்திரியை விட்டு நகரவில்லை. வாரத்துக்கு ஒரு நாள் பண்ணைக்கு ஓடிவந்து ஏழு நாளையும் ஒன்றாக எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

"எப்படி எழுதினீர்கள்?" என்று கேட்டேன்.

"அத்தன வருசமா இந்த ஊரு வெயிலப் பாத்துட்டு இருந்தவனுங்க. மே அஞ்சாந்தேதி ரெண்டு மணிக்கு எத்தன இருக்கும்னு கண்ண மூடிட்டுச் சொல்லுவேன். வழக்கமா எப்படி இருக்குமோ அப்படி எழுதுனேன்."

அதனால்தான் அது ஜெயித்தது. பதினான்கு மே மாதங்களை வானம் எழுதியது. ஒன்றை இந்த ஊரைத் தெரிந்த ஒருவர் எழுதியிருக்கிறார். நான் அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு கையகல நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

பண்ணையின் உபரித் தெர்மாமீட்டர் ஒன்றை அந்த வார்டின் சுவரில் மாட்டிவைத்திருக்கிறார். காலை ஆறு, பகல் இரண்டு, இரவு ஒன்பது. தினமும், ஒன்றுகூட விடாமல். மே 5, இரண்டு மணி, 40.2. ஒன்பது மணி, 37.4. பேனா அழுத்திய தடம் பின்பக்கத்தில் தெரிகிறது. மே பன்னிரண்டாம் தேதி நோட்டை டாக்டரிடம் காட்டியிருக்கிறார். மாடியில் இருந்த ஆறு தாய்மார்களையும் குழந்தைகளையும் அன்று மாலையே கீழே சாமான் அறையை ஒழித்து இறக்கியிருக்கிறார்கள். மறுநாள் இரண்டு மணிக்கு அந்த அறையில் 35.1. அதன் பிறகுதான் தன்யஸ்ரீ பால் குடிக்க ஆரம்பித்தாளாம்.

நான் ரொம்ப நேரம் அந்த நோட்டையே புரட்டிக்கொண்டிருந்தேன். ஈஸ்வரி என் தட்டை எடுக்க வந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக ஒன்று கேட்டார். அதை இங்கே எழுதவில்லை. ஆனால் பதில் சொன்னேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டில் கட்டிக் கொடுத்தார்.

அக்டோபர் 28, செவ்வாய்

கோவை. ஸ்கேன். டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். தயாளன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். எல்லாம் சரியாக இருக்கிறது. ஊறுகாய் பாதி தீர்ந்துவிட்டது.

நவம்பர் 3, திங்கள்

பதின்மூன்று.

இரண்டு வழி இருக்கிறது. அந்த நாற்பத்தொரு நாளும் பதிவில் இல்லை என்று ஒரு வரி எழுதிக் கழித்துவிடலாம். யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் அந்தப் பதிவேடு பண்ணை அலமாரியில் அப்படியே இருக்கும். நாளைக்கு வேறு யாராவது பயிருக்கோ பாசனத்துக்கோ அந்த மே மாதத்தை எடுப்பார்கள். உண்மையை எழுதினால் நாச்சிமுத்துவின் வேலைக்கு என்ன ஆகும் என்று தெரியாது. ஓய்வுக்கு ஏழு வருடம் இருக்கிறது.

இம்தியாஸ் சாரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு, அறிக்கையில் உன் கையெழுத்துத்தானே, நீ முடிவு செய் என்றார். எனக்கு முதலில் கோபம் வந்தது. மாலைக்குள் அது சரியான பதில் என்று தோன்றிவிட்டது.

நவம்பர் 5, புதன்

நாச்சிமுத்துவிடம் நேராகச் சொன்னேன். காரணத்தோடுதான் எழுத வேண்டியிருக்கும், உங்கள் பெயரைப் போடமாட்டேன், ஆனால் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை என்றேன். சொல்லும்போது என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

அவர் பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தார். பண்ணைத் தலைவருக்கு ஏற்கெனவே எழுதி வைத்திருந்த கடிதம். தேதி அக்டோபர் 26. நான் சாப்பிட்டுப் போன மறுநாள்.

"நீங்க எழுதறதுக்கு முன்ன நான் சொல்லிடோணுமுங்க. ஒம்பது வருசமா அந்தப் பதிவேட்டுப் பக்கத்தத் தொடவே இல்ல."

பத்து நாளாகப் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். நானும் கூட நடந்து போனேன். தலைவர் அறை வாசலில் செருப்பைக் கழற்றினார். அங்கே யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. அரைமணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 13, வியாழன்

தலைவர் புதிதாக வந்த விஞ்ஞானி, நாற்பது வயதுப் பெண். 2016 கோப்பை வரவழைத்துப் பார்த்திருக்கிறார். லீவு கேட்ட இரண்டு கடிதங்களும், ஆள் இல்லை என்ற பதில்களும் அதில் இருந்திருக்கின்றன. நாச்சிமுத்துவுக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை. அந்த நாட்களின் பக்கங்களில் சிவப்பு மையில் 'நம்பத்தக்கதல்ல' என்று எழுதி முத்திரை போட வேண்டும். இனி மாற்று ஆள் ஒருவருக்குப் பயிற்சி தர வேண்டும்.

சிவப்பு மையில் எழுதியவரும் நாச்சிமுத்துதான். பக்கத்துக்குப் பக்கம் ஒரே அளவில், அச்சடித்ததுபோல எழுதினார். முடித்துவிட்டு மணி பார்த்தார். இரண்டாக ஐந்து நிமிடம். மரப்பெட்டியைத் திறக்கப் போய்விட்டார்.

நவம்பர் 14, வெள்ளி

2016-ஐ நீக்கி ஓட்டியதில் மே மாதத்துக்கு 2013 வந்தது. அவ்வளவு அழகாகப் பொருந்தவில்லை. நடுவில் இரண்டு நாள் மழை, கடைசி வாரம் கொதிப்பு. உண்மையான மாதம்.

மாதங்கள் ஒட்டும் இடங்களைச் சமன் செய்தேன். மாதம் முடியும் கடைசி மணிகளில் 28 டிகிரி, அடுத்ததன் தொடக்கத்தில் 23 என்று குதித்தால் கட்டடம் குழம்பிவிடும். ஆறு மணி நேரத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்ல இழைத்துவிட வேண்டும். எனக்குப் பிடித்த வேலை. மெஸ்ஸில் இரண்டு வடை தின்றேன்.

நவம்பர் 21, வெள்ளி

அறையைக் காலி செய்துவிட்டேன். சரோஜா அக்கா கிளம்பும்போது, உடம்பைப் பார்த்துக்கோ கண்ணு, பஸ்ஸில் பின் சீட்டில் உட்காராதே என்றார். இவருக்கு யார் சொன்னது? யாரும் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

புதிய மருத்துவமனையை மாதிரி ஆண்டுக்குள் நிறுத்தியாகிவிட்டது. வரைபடத்தில் பிரசவத்துக்குப் பிந்தைய வார்டு இரண்டாவது மாடியில், மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கிறது. பொய் மே மாதத்தை வைத்தபோது அங்கே முப்பத்தைந்து டிகிரியைத் தாண்டும் நேரம் அந்த மாதத்தில் 96 மணி. 2013 மே மாதத்தில் 231 மணி. தரைத்தளத்துக்கு மாற்றினால் 18.

டிசம்பர் 9, செவ்வாய்

அறக்கட்டளையின் கூட்டம். தரைத்தளத்தில் மருந்துக்கடையும் கணக்குப் பிரிவும் வர வேண்டும், வார்டைக் கீழே கொண்டுவர முடியாது என்று கட்டடத்தை வரைந்தவர்கள் சொன்னார்கள். என் வரைகோடுகளைச் செயலாளர் மரியாதைக்காகப் பார்த்தார். நூல் மில் நடத்தி ஓய்வு பெற்றவர். கம்ப்யூட்டர் சொல்வதெல்லாம் அப்படியே நடக்குமா என்று கேட்டார்.

நாச்சிமுத்துவின் அனுமதியோடு நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து அறிக்கையின் கடைசியில் சேர்த்திருந்தேன். அதைத் திருப்பி அவர் முன் வைத்தேன். பழைய ஆஸ்பத்திரி, மாடி வார்டு, பிறகு கீழே சாமான் அறை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். மே பன்னிரண்டில் விரல் நின்றது.

"இதை எழுதுனது யாருங்க?"

"அந்த வார்டில் இருந்த ஒரு குழந்தையின் அப்பா."

"குழந்தை?"

"நாலாம் வகுப்பு படிக்கிறாள். நன்றாகப் படம் வரைகிறாள்."

அவர் நோட்டுப் பக்கத்தை மூடவில்லை. மருந்துக்கடையைத் தூக்கி மேலே போடுங்கள், கணக்கு எழுதுகிறவர்கள் கொஞ்சம் வேர்த்தால் பரவாயில்லை என்று வரைந்தவர்களிடம் சொன்னார். சூட்டைக் குறைக்க மொட்டைமாடியில் வெள்ளை ஓடு பதிக்கவும் ஒத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் நாச்சிமுத்துவுக்குப் போன் செய்தேன். கேட்டுவிட்டு, இப்பத் தூறல் போடுதுங்க, அட்டைய மாத்திட்டுக் கூப்பிடறேன் என்று வைத்துவிட்டார். அரைமணி கழித்துக் கூப்பிட்டது ஈஸ்வரி. அவர் தோட்டத்துப் பக்கம் போய் நிக்கறாருங்க, இப்பப் பேச மாட்டாரு என்றார்.

காரில் திரும்பும்போது இம்தியாஸ் சார், கோடையில் மதுரையில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, நீதான் பார்க்க வேண்டும் என்றார். ஏப்ரலுக்கு மேல் என்னால் முடியாது சார் என்றேன். ஏன் என்றார். எனக்குக் குழந்தை பிறக்கப்போகிறது என்றேன். தயாளனும் டாக்டரும் தவிர வேறு ஒருவரிடம் நானாக அதைச் சொன்னது இதுவே முதல் முறை. எப்போது என்று கேட்டார். மே பதினொன்று.

சார் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டே, உன் வீட்டில் படுக்கையறை எந்த மாடி என்று கேட்டார்.

டிசம்பர் 12, வெள்ளி

எழுதிவிடுகிறேன். பதினெட்டு வாரமும் நான்கு நாளும் ஆகிறது. எனக்கு முப்பத்தொன்பது வயது. நான் கர்ப்பமாக இருக்கிறேன்.

மாலை ஆறு மணி இருக்கும். வெளியே நல்ல மழை. பருப்பு தாளிக்கக் கடுகைப் போட்டேன். வயிற்றுக்குள் ஏதோ ஒன்று, மெல்ல, விரல் நுனியால் தட்டியதுபோல அசைந்தது. கடுகு வெடித்ததில் நானே துள்ளினேனோ என்று அடுப்பை அணைத்துவிட்டு அசையாமல் நின்றேன். இன்னொரு முறை அசைந்தது. தயாளன் கூடத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். கூப்பிடவில்லை. மூன்றாவது முறைக்காகக் கொஞ்ச நேரம் நான் மட்டும் காத்திருந்தேன். அது வந்த பிறகு கூப்பிட்டேன்.